எழுதி வைத்த ஏவல்

புனே நகரின் மேற்குப் புறத்தில், பாஷாண் என்னும் பகுதியை ஒட்டிச் செல்லும் ஹோமி பாபா சாலையில், ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாமல் இரண்டு விஞ்ஞான ஸ்தாபனங்கள் அமைந்திருக்கின்றன. பருவமழையின் போக்கை ஆராய்வதையே பிரதான காரியமாகக் கொண்ட இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிலையம் அவற்றுள் ஒன்று. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் 'பிரத்யூஷ்' என்னும் மீக்கணினி அங்கே செயலுக்கு வந்தது. அதற்குப் பின்வந்த 'அர்கா' 2024 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மற்றொன்று இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். 1988-இல் புனேயில் தோன்றி 1991-இல் 'பரம் 8000' என்ற யந்திரத்தை நாட்டுக்கு அளித்த சி-டாக் ஸ்தாபனத்தார், 2019-இல் இங்கே 'பரம் பிரம்மா'வை நிர்மாணித்தார்கள். அர்காவின் வேகம் 11.77 பெட்டாஃப்ளாப் என்று சொல்லுகிறார்கள். அதாவது ஒரு வினாடிக்குள் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் லட்சம் கோடி கணக்குகளைப் போட்டு முடிக்கும் வேகம்.

இத்தனை பெரிய யந்திரத்தினுள்ளே பிரவேசிக்கும் ஆராய்ச்சியாளர் ஒருவர், தம் கைப்பேசியில் பழகிய வண்ணச் சித்திரங்களையும், விரலால் தொட்டால் திறந்துகொள்ளும் கட்டங்களையும் அங்கே எதிர்பார்ப்பாரானால் ஏமாந்து போவார். அவருக்குக் கிடைப்பது ஒரு கறுப்புத் திரை. அதன் இடது ஓரத்தில் அவருடைய பெயர். அதை அடுத்து ஒரு டாலர் குறி. அதன் பக்கத்தில் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு கர்சர். உலகத்தின் மிக வேகமான கணினிகள் ஐந்நூறைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் பட்டியலை எடுத்துக்கொண்டால், அவை யாவும் இன்று லினக்ஸ் வகையைச் சேர்ந்தவையே. அவற்றோடு மனிதன் பேசும் வழக்கமான வழியும் இந்த ஒற்றை வரிதான். படம் காட்டுவதற்குச் சக்தியில்லாத காரணத்தால் இவை எழுத்தோடு நின்றுவிடவில்லை. எழுத்துக்கு இருக்கும் ஒரு விசேஷ குணத்தை உத்தேசித்தே இன்னும் எழுத்தைக் கைவிடாமல் இருக்கின்றன. அந்தக் குணம் இன்னதென்று விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

அந்த வரியை வாசித்துக் காரியம் நடத்திவைக்கும் புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர். நாம் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தியவுடன், அது வரியை இடைவெளி கண்ட இடங்களில் வெட்டிச் சொற்களாக்குகிறது. நட்சத்திரக் குறியும் டாலர் குறியும் போன்ற விசேஷ அடையாளங்கள் தென்பட்டால் அவற்றுக்குரிய பொருளை அந்தந்த இடத்தில் நிரப்புகிறது. பிறகு முதற்சொல்லை ஒரு புரோகிராமின் பெயராகக் கொண்டு, அதைத் தேடியெடுத்து ஓடவிட்டு, எஞ்சிய சொற்களை அதன் கையில் ஒப்படைக்கிறது. இவ்வளவுதான் அதன் தொழில். (கட்டளைகளின் பெயர்களை இந்நூலில் உச்சரிப்பின்படி தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறோம், யந்திரத்தின் முன்னே உட்காரும்போது அவற்றை ரோமன் எழுத்தில், அதிலும் சிறிய எழுத்தில், அடிக்க வேண்டும் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.)

கட்டளைகளைக் கோவையாக ஒரு கோப்பில் எழுதிவைத்து, அந்தக் கோப்பையே ஒரு கட்டளைபோல் ஏவலாம் என்ற யோசனை யூனிக்ஸ் பிறப்பதற்கு முன்பே உதித்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விச்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த பிரெஞ்சுக்காரரான லூயி பூசான் என்பவர், 1960-களின் முற்பகுதியில் 'ரன்காம்' என்ற பெயரில் அப்படியொரு கருவியைச் செய்தார். ஷெல் என்ற பெயரையும் அவரே சூட்டினார். பிறகு பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் 1971-இல் யூனிக்ஸுக்கென்று ஒரு சிறிய ஷெல்லை எழுதினார்; 1979-இல் ஸ்டீஃபன் போர்ன் எழுதியது அதன் இடத்தைப் பிடித்தது; அதை முன்மாதிரியாகக் கொண்டு பிரையன் ஃபாக்ஸ் 1989-இல் வெளியிட்ட 'பேஷ்' என்பதே இன்று புனேயின் மீக்கணினிகளிலும், சென்னையில் ஒரு கல்லூரியின் பரிசோதனைச் சாலையிலும் பெரும்பாலும் பழகுவது. போர்னுக்கு அல்கால் என்ற மொழியின்மேல் அளவற்ற பிரியம். அதனால் 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனையை அதே எழுத்துகளைத் தலைகீழாக்கி 'ஃபி' என்று முடிக்கும் வழக்கத்தை ஷெல்லிலும் புகுத்தினார். 'டூ' என்பதையும் அப்படியே புரட்டிப் போட்டிருப்பார், ஆனால் அந்தப் பெயரில் வேறொரு கட்டளை ஏற்கனவே யூனிக்ஸில் குடியிருந்தபடியால் 'டன்' என்று வைக்க நேர்ந்தது. ஒருவருடைய ரசனை இன்னொரு தலைமுறையின் விரல்களுக்கு விதியாகிவிடுவது இப்படித்தான்.

கட்டளைகளின் பெயர்கள் 'எல்.எஸ்.', 'சி.பி.', 'எம்.வி.' என்று இரண்டெழுத்தில் குறுகிக் கிடப்பதைக் கண்டு புதியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அக்காலத்துத் தொலைத்தட்டச்சு யந்திரம் ஒரு வினாடிக்குப் பத்து எழுத்துகளைத்தான் காகிதத்தில் அடிக்கும்; விசைகளோ விரல் நோகும்படி அழுத்த வேண்டியவை. எழுத்துக்கு எழுத்து பிரயாசை செலவாகும்போது யார்தான் நீண்ட பெயர் வைப்பார்கள்?

இனி எழுத்தின் குணத்துக்கு வருவோம். மவுஸைப் பிடித்து ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே இழுத்துப் போடுகிற செய்கை, செய்த மாத்திரத்தில் மறைந்து போகிறது. நேற்று எதை எங்கே இழுத்தோம் என்று கேட்டால் அதற்குச் சாட்சியமில்லை. நூறு கோப்புகளை இழுக்க வேண்டுமானால் நூறு முறை இழுக்க வேண்டும். நாம் செய்தவாறே இன்னொருவர் செய்ய வேண்டுமானால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்ட வேண்டும். ஷெல்லில் இட்ட கட்டளையோ எழுத்தாக நிற்கிறது. நின்றதை மீண்டும் வாசிக்கலாம், திருத்தலாம், தபாலில் அனுப்பலாம், ஆறு மாதம் கழித்து எடுத்து அப்படியே ஏவலாம். ஆராய்ச்சித் துறையில் ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் அதே வழியில் சென்று பரிசோதிக்க முடிய வேண்டும் என்பது அடிப்படையான தர்மமாகையால், வழியே எழுத்தாகக் கிடைப்பது சாமானிய சௌகரியம் அன்று.

இதற்குப் புனேயிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து புனேக்கு வந்து, 1944-இல் டில்லிக்குப் போயிற்று. ஆனால் பழைய பதிவேடுகளும் அவற்றைப் பேணும் பொறுப்பும் புனே சிவாஜிநகர் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன. அங்கிருந்து துறையினர் வெளியிடும் மழைக்கணக்கு ஒன்று உலகெங்கும் ஆராய்ச்சியாளர்களால் உபயோகிக்கப்படுகிறது. இந்தியாவைக் கால் பாகைக்குக் கால் பாகை என்னும் சதுரங்களாக வகுத்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஒவ்வொரு நாளும் பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதை, 1901-ஆம் ஆண்டு முதல் ஆண்டுக்கு ஒரு கோப்பாக அதில் தொகுத்திருக்கிறார்கள். கிழக்கு மேற்காக 135 புள்ளிகள், தெற்கு வடக்காக 129 புள்ளிகள். ஆக மொத்தம் 17,415. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். ஓர் எண்ணுக்கு நான்கு பைட். ஆகவே ஒரு நாளின் மழை 69,660 பைட்டில் அடங்கும். 365 நாளுள்ள ஆண்டின் கோப்பு 2,54,25,900 பைட் அளவும், லீப் ஆண்டின் கோப்பு அதைவிட ஒரு நாள் அதிகமாக 2,54,95,560 பைட் அளவும் இருக்க வேண்டும்.

1901 தொடங்கி 2020 வரையுள்ள 120 கோப்புகளையும் ஒருவர் தம் கணினியில் இறக்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இணைப்பு அறுந்து ஏதேனும் ஒரு கோப்பு அரைகுறையாக வந்திருக்கலாம்; அப்படி வந்ததை அறியாமல் கணக்கைத் தொடங்கினால், ஏதோ ஓர் ஆண்டில் நவம்பருக்குப் பிறகு மழையே பெய்யவில்லை என்ற அபத்தமான முடிவு கிடைத்தாலும் கிடைக்கும். நூற்றிருபது கோப்புகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கி அளவு பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ஷெல்லில் இதற்கு ஒரு வரி போதும். 'ஸ்டாட்' என்ற கட்டளையிடம் அளவை மட்டும் சொல் என்று கேட்டு, நட்சத்திரக் குறி போட்டு அதன் பின்னே ஜி.ஆர்.டி. என்ற விகுதியை எழுதிவிட்டால், அந்த விகுதியுடைய கோப்புகளின் பெயர்கள் யாவற்றையும் ஷெல் தானே அந்த இடத்தில் நிரப்பிக் கொடுக்கிறது. ஸ்டாட் 120 எண்களைக் கக்குகிறது. பிறகு ஒரு செங்குத்துக் கோடு. அதை அடுத்து 'சார்ட்'. மறுபடியும் ஒரு செங்குத்துக் கோடு. அதன் பின்னே எண்ணிக் காட்டும்படி கேட்கப்பட்ட 'யூனிக்'. கட்டிடம் கட்டுகிற இடத்தில் சாரத்தின்மேல் வரிசையாக நிற்கிற ஆட்கள் செங்கல்லை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவதுபோல, ஒரு புரோகிராம் வெளியிடும் வரிகளை அடுத்த புரோகிராம் வாங்கிக்கொள்கிறது. முன்னவர் எங்கிருந்து எடுத்தார் என்று பின்னவர் கேட்பதில்லை. யூனிக் அடுத்தடுத்து நிற்கும் ஒரே மாதிரியான வரிகளைத்தான் சேர்த்து எண்ணும். தூரத்தில் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இடையில் சார்ட் என்பதை நிறுத்தி எண்களை வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது.

விடை இரண்டே வரியில் வரும்: முதல் அளவில் 90 கோப்புகள், இரண்டாவது அளவில் 30 கோப்புகள். அப்படி வந்தால் எல்லாம் க்ஷேமம். மூன்றாவதாக ஒரு வரி, பக்கத்தில் 1 என்ற எண்ணிக்கையோடு தலைநீட்டினால், எங்கோ ஒரு கோப்பு முறிந்திருக்கிறது. கவனித்துப் பார்த்தால், லீப் ஆண்டு இன்னது என்ற விவரத்தை நாம் யந்திரத்துக்குச் சொல்லவே இல்லை. அவரவர் தமக்குத் தெரிந்த ஒரு சிறு தொழிலைச் செய்ததிலேயே சந்தேகத்துக்கு விடை பிறந்துவிட்டது. இப்படிப் புரோகிராம்களைத் தொடுக்க வேண்டும் என்று டக்ளஸ் மெக்கில்ராய் 1964-இலேயே குறிப்பு எழுதி, வருஷக்கணக்காக நச்சரித்து வந்தார். 1973-இல் ஒருநாள் தாம்சன் உட்கார்ந்து ஓர் இரவிலேயே அதைச் செய்து முடித்தார் என்பது பெல் ஆய்வுக்கூடத்தார் விரும்பிச் சொல்லும் கதை.

முறிந்த கோப்பு எந்த ஆண்டினுடையது என்று பெயரைக் கேட்டால்தான் ஸ்கிரிப்ட் என்று வழங்கப்படுகிற நீண்ட ஏவலுக்கு அவசியம் ஏற்படுகிறது. ஒரு கோப்பைத் திறந்து, முதல் வரியில் '#' குறியும் '!' குறியும் இட்டு, அவற்றை அடுத்துப் பேஷ் இருக்கும் இடத்தை எழுத வேண்டும். இந்த இரண்டு குறிகளைக் கண்டதும், எந்தப் புரோகிராமிடம் இந்தக் கோப்பை ஒப்படைப்பது என்று இயக்க அமைப்பின் கருவே தெரிந்துகொள்ளும்படி 1980-இல் டென்னிஸ் ரிட்சி ஏற்பாடு செய்தார். அடுத்த வரியில் 'ஃபார்'. ஆண்டு என்ற பெட்டியில் 1901 முதல் 2020 வரை ஒவ்வோர் எண்ணாகப் போடு என்று அதற்குப் பொருள். உள்ளே ஆண்டை நான்கால் வகுத்து மீதி பார்க்க வேண்டும். நூற்றாண்டு முடிவுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் என்ற விதியை இங்கே எழுத வேண்டிய சிரமம் நமக்கு இல்லை. ஏனென்றால் 1900 நம் தொகுப்பில் இல்லை, 2000 லீப் ஆண்டே. மீதி பூஜ்யமானால் பெரிய அளவு, இல்லையானால் சிறிய அளவு. கோப்பின் அளவு அதற்கு மாறாக இருந்தால் 'எக்கோ' என்ற கட்டளையால் ஆண்டைத் திரையில் காட்டு. பிறகு 'ஃபி', பிறகு 'டன்'. பத்து வரிக்குமேல் போகாது. கடைசியில் 'சி.எச்.மாட்' கட்டளையால் அந்தக் கோப்புக்கு ஓடும் அதிகாரத்தை வழங்கிவிட்டால், அன்றிலிருந்து அதுவும் மற்றக் கட்டளைகளுக்குச் சமானமான ஒரு கட்டளை.

நட்சத்திரக் குறிக்குத் தம்பி ஒருவன் உண்டு: கேள்விக்குறி. நட்சத்திரம் எத்தனை எழுத்துக்கும் இடங்கொடுக்கும்; கேள்விக்குறி ஒரே ஓர் எழுத்துக்குத்தான் நிற்கும். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பதை இன்றைய லினக்ஸ் தடுப்பதில்லை. 'மழை' என்றே ஒரு கோப்புக்குப் பெயரிடலாம். ஆனால் இரண்டெழுத்துத்தானே என்று இரண்டு கேள்விக்குறிகளை இட்டுத் தேடினால் அது அகப்படாது. மூன்று இட்டால் அகப்படும். யூனிகோடு முறையில் மகரம் ஒன்று, ழகரம் ஒன்று, ஐகாரக் குறி தனியே ஒன்று என்று யந்திரம் மூன்றாகக் கணக்கிடுகிறது. 'டபிள்யூ.சி.' கட்டளையிடம் அந்தச் சொல்லின் நீளத்தை எழுத்தில் கேட்டால் 3 என்கிறது, பைட்டில் கேட்டால் 9 என்கிறது. தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஒதுக்கும் அந்த யூ.டி.எஃப்.-8 முறையை 1992-இல் வகுத்தவர்களும் கென் தாம்சனும் அவருடைய சகா ராப் பைக்கும்தான். தொல்காப்பியர் வகுத்த உயிர்மெய் யந்திரத்துக்குள் உயிரும் மெய்யுமாகப் பிரிந்து கிடக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்; அகரமேறிய மெய் ஒன்றாகவும் அதன்மேல் ஏறும் குறி ஒன்றாகவும் பிரிந்திருக்கிறது. இலக்கணப் புலவர்கள் இதை ஒப்புவார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

வெளிவரும் கோப்புகளுக்குப் பெயரிடுவதிலும் நிதானம் வேண்டும். புனேக்கு வடக்கே எண்பது கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவை அடுத்த கோடத் கிராமத்தில், உதகமண்டலத்து ரேடியோ தொலைநோக்கியை முன்பு அமைத்த கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் எழுந்த பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 45 மீட்டர் குறுக்களவுள்ள முப்பது கிண்ணங்கள். அது பதிவு செய்யும் தகவலைச் சர்வதேச வடிவத்துக்கு மாற்றித் தரும் புரோகிராம், நாம் வேறு பெயர் சொல்லாவிட்டால், எந்தத் தகவலைக் கொடுத்தாலும் 'டெஸ்ட்' என்ற ஒரே பெயரில்தான் விடையை எழுதும். ஆகவே அதை ஃபார் சுற்றினுள் அமைப்பவர், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'எம்.வி.' கட்டளையால் அந்தப் பெயரை மாற்றி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

எழுத்துதான் கருவி என்றால், எழுத்தைத் திருத்தும் வசதியும் அதனோடு சேர்ந்து வர வேண்டும். குறுக்குவிசைகள் என்று சொல்லப்படுபவை இதற்காகவே ஏற்பட்டன. இவற்றை வித்தை காட்டுவதற்கென்று மனப்பாடம் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. பாதிப் பெயரை அடித்துவிட்டு டேப் விசையைத் தட்டினால் மீதியை ஷெல் நிரப்பித் தருகிறது. இதனால் நேரம் மிச்சமாகிறது என்பதைக் காட்டிலும், பெயரில் எழுத்துப்பிழை நேராமல் போகிறது என்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்; டேப்பைத் தட்டியும் பெயர் நிரம்பவில்லையானால், அப்படியொரு கோப்பு அங்கே இல்லை, அல்லது அதே மாதிரித் தொடங்குகிற பெயர்கள் பல இருக்கின்றன. கண்ட்ரோல் விசையோடு 'ஏ' விசையைச் சேர்த்தால் கர்சர் வரியின் தலைக்கும், 'இ' விசையைச் சேர்த்தால் கடைசிக்கும் போகும்; 'டபிள்யூ' பின்னால் உள்ள ஒரு சொல்லையும், 'யூ' பின்னால் உள்ள யாவற்றையும் வெட்டும்; வெட்டியது தொலைந்து போவதில்லை, 'ஒய்' அதை மீட்டு ஒட்டும். நீண்ட கட்டளை ஒன்றைப் பாதி எழுதிக்கொண்டிருக்கையில், முதலில் வேறொன்றைச் செய்தாக வேண்டும் என்று ஞாபகம் வந்தால், 'யூ' கொண்டு வெட்டி வைத்துவிட்டு, அந்த வேறொன்றை முடித்துக்கொண்டு, 'ஒய்' கொண்டு பழைய வரியை வரவழைப்பது அனுபவஸ்தர்களின் வழக்கம்.

ஆழமான பெயருடைய கோப்புறை ஒன்றை உண்டாக்கியவர் அடுத்தபடியாக அதனுள்ளேதான் நுழைய விரும்புவார். அந்தப் பெயரை மறுபடியும் அடிக்க வேண்டியதில்லை, 'சி.டி.' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஆல்ட் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால், முந்தின கட்டளையின் இறுதிச்சொல் வந்து உட்காரும். இவை எல்லாவற்றிலும் தலையானது கண்ட்ரோலும் 'ஆர்' விசையும். இதுவரை இட்ட கட்டளைகளை ஷெல் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறது. இந்த விசைகளை அழுத்தி, ஞாபகத்தில் நிற்கும் சில எழுத்துகளை மாத்திரம் அடித்தால், அவை அடங்கிய பழைய வரி மேலே மிதந்து வரும். அதற்கும் முந்தியது வேண்டுமானால் மீண்டும் அழுத்தலாம். சென்ற வாரம் மழைக்கோப்புகளைச் சோதித்த வரியை எங்கேயும் குறித்து வைக்காதவருக்கும், 'யூனிக்' என்ற சொல் நினைவிருந்தால் போதும்.

எதிர்த்திசையில் தேடுவதற்குக் கண்ட்ரோலோடு 'எஸ்' விசையைப் பேஷ் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அதை அழுத்துகிறவருக்குத் திரை அப்படியே உறைந்து போகும், எதை அடித்தாலும் அசையாது, யந்திரம் செத்துவிட்டது என்று எண்ணி ஜன்னலை மூடிவிடுகிறவர்கள் பலர். நாம் அடிக்கும் விசைகள் முதலில் டெர்மினல் என்னும் வாயிற்காப்போனைத் தாண்டித்தான் ஷெல்லிடம் செல்லுகின்றன. தொலைத்தட்டச்சு நாட்களில், காகிதத்தின் வேகத்துக்கு மிஞ்சித் தகவல் பாய்ந்தால் அதை நிறுத்தி வைக்கும் சமிக்ஞையாக 'எஸ்', மீண்டும் விடும் சமிக்ஞையாக 'கியூ' என்று ஏற்பட்டது. காகிதம் போய் அரை நூற்றாண்டாகியும் டெர்மினல் அதை மறக்கவில்லை. உறைந்த திரைக்குக் கண்ட்ரோலும் 'கியூ' விசையும் அழுத்துவதே பரிகாரம். ஓடும் புரோகிராமை நிறுத்தும் 'சி'யும், தூங்கவைக்கும் 'இஸட்'டும் டெர்மினலின் அதிகாரத்தைச் சேர்ந்தவை. முன்சொன்ன திருத்த விசைகளோ ஷெல்லுக்கு உரியவை.

எழுதியதை எழுதியபடியே நிறைவேற்றும் ஊழியனிடம் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'ஆர்.எம்.' என்பது கோப்புகளை அழிக்கும் கட்டளை. அழித்தவை குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, போனவை போனவையே. நட்சத்திரத்தையும் அதன் விகுதியையும் ஒட்டி எழுத வேண்டிய இடத்தில், கை தவறி நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், ஷெல் அதை இரண்டு சொற்களாக வெட்டும். தனியே நிற்கும் நட்சத்திரம் அந்தக் கோப்புறையில் உள்ள யாவற்றையும் குறிக்கும். பிறகு நடப்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஃபார் சுற்றில் பெட்டி என்று சொன்னோமே, அத்தகைய டாலர் குறியிட்ட மாறிகளில் இது இன்னும் சூக்ஷ்மமானது. 2015 ஜனவரியில், ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இருந்த ஒரு ஸ்கிரிப்ட், தன் சொந்தக் கோப்புறையின் பெயரை ஒரு மாறியில் வாங்கி, அதன் பின்னே ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் சேர்த்து அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. பயனர் அந்தக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியபோது மாறி வெறுமையாயிற்று. எஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது கணினியின் ஆணிவேரிலிருந்து எல்லாம். அவருடைய சொந்தக் கோப்புகள் அத்தனையும் அழிந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வரிக்கு மேலே, இது பயமாயிருக்கிறது என்ற பொருளில் ஒரு குறிப்பை எழுதியவரே விட்டு வைத்திருந்தார். பயந்தவர் பரிகாரமும் செய்திருக்கலாம்.

பரிகாரம் அப்படியொன்றும் கடினமானதல்ல. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'செட்' கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் 'யூ' எழுத்தும் இட்டால், மதிப்பே கொடுக்கப்படாத மாறியைக் கண்ட இடத்தில் ஷெல் நின்றுவிடும். ஆனால் மேற்சொன்ன சம்பவத்தில் மாறிக்கு மதிப்புக் கொடுக்கப்பட்டது, கொடுத்த மதிப்பு வெறுமையாக இருந்தது. அதனால் இந்தக் காவல் அங்கே உதவியிராது, வெறுமையா என்று தனியே சோதித்திருக்க வேண்டும். மாறியை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தாலும் அது ஒரே சொல்லாக நிற்கும். அழிக்கும் வரியை ஏவுவதற்கு முன் ஆர்.எம். இருக்கும் இடத்தில் எக்கோவைப் போட்டுப் பார்த்தால், எவை எவை அழியப்போகின்றன என்ற ஜாபிதா திரையில் வந்துவிடும். வேறு எந்த விதியை மறந்தாலும் இதை மறக்கலாகாது. மேலும், ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லுகிறது. பூஜ்யம் என்றால் வெற்றி. வேறு எதுவானாலும் தோல்வி. பள்ளிக்கூடத்து மார்க்குக்கு நேர்விரோதமான இந்த ஏற்பாட்டுக்குக் காரணம், வெற்றி பெறுவதற்கு ஒரே வகைதான் உண்டு, தோற்பதற்கு வகைகள் பல, அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும் என்பதே. இரண்டு கட்டளைகளின் நடுவே '&&' என்று இட்டால், முன்னது பூஜ்யத்தோடு முடிந்தால்தான் பின்னது ஓடும்; மழைக்கோப்புகளின் சோதனையை, முறிந்த கோப்பைக் கண்டால் பூஜ்யமல்லாத எண்ணோடு முடியும்படி எழுதியிருந்தால், அது தேறினாலொழியக் கணக்கு தொடங்காதபடி செய்வதற்கு இது போதும்.

அந்தக் கணக்கைப் பரம் பிரம்மாவைப்போன்ற யந்திரத்தில் ஓட்ட வேண்டுமென்றால் இன்னும் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. நாம் பிரவேசிக்கும் கணினி வெறும் வாசல். கணக்குப் போடும் கணினிகள் உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்க, அவற்றை யாருக்கு எப்போது எத்தனை மணி நேரம் கொடுப்பது என்று முறைவைத்து நடத்துவது 'ஸ்லர்ம்' என்னும் புரோகிராம். அதனிடம் கொடுப்பதும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டே. ஆனால் அதன் தலைப்பகுதியில் '#' குறியை ஒட்டி 'எஸ்பேட்ச்' என்ற சொல்லும், அதை அடுத்து எத்தனை கணினி வேண்டும், எத்தனை நேரம் வேண்டும் என்ற கோரிக்கைகளும் இருக்கும். '#' என்று தொடங்கும் வரி ஷெல்லுக்கு வெறும் குறிப்பு, அது வாசிக்காமல் தாண்டிப்போகும். ஸ்லர்முக்கோ அதுவே ஆணை. ஒரே கோப்பை இருவர் வாசிக்கிறார்கள். ஒருவருக்கு மௌனமாயிருப்பது மற்றவருக்குப் பேச்சாயிருக்கிறது. ஆயினும் முதல் மெய்யான கட்டளை வந்த பிறகு இத்தகைய வரியை எழுதினால் ஸ்லர்மும் அதைப் பார்க்காது. கேட்ட நேரம் ஏன் கிடைக்கவில்லை என்று திகைப்பவர் முதலில் இந்த வரிசைக் கிரமத்தைச் சரிபார்க்க வேண்டும்.

வாசற்கணினியிலேயே ஒரு நீண்ட சுற்றை ஓட்டிவிட்டு மடிக்கணினியை மூடிக்கொண்டு போகிறவருக்கு, திரும்பி வரும்போது பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிராது. இணைப்பு அறுந்ததும், தொலைபேசியை வைத்துவிட்டார்கள் என்ற பழைய காலத்துச் சமிக்ஞை ஷெல்லுக்குப் போய், அதன் குழந்தைகளாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களையும் நிறுத்திவிடும். ஸ்லர்மிடம் ஒப்படைத்த வேலைக்கு இந்தத் தொல்லை இல்லை; ஜூலை மாதத்து மழையில் மின்சாரம் போய் வீட்டிலுள்ள இணைப்பு அறுந்தாலும் உள்ளே கணக்கு நடந்துகொண்டே இருக்கும். 'எஸ்கியூ' என்று கேட்டால் வேலை காத்திருக்கிறதா, ஓடுகிறதா என்று சொல்லும். வேலை வெளியிடும் வரிகள், அதன் எண்ணைப் பெயரில் தாங்கிய ஒரு கோப்பில் சேர்ந்து வரும். 'டெயில்' கட்டளையோடு கழித்தல் குறியும் 'எஃப்' எழுத்தும் இட்டால் புதிய வரிகள் வர வரத் திரையில் தோன்றும். பார்த்தது போதும் என்றால் கண்ட்ரோலும் 'சி'யும் அழுத்தலாம். டெயில் நிற்குமே தவிர, வேறொரு கணினியில் ஓடுகிற வேலையை அது தொடாது.